நான் சிவப்பில் அடித்த வரி

மலை சுற்றும் பாதையில் குடை விரித்து, மைக் பிடித்து, மூலிகைப் பொடி விற்கும் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்கள் பொய்யால் என் அக்கா சாகக் கிடந்தாள். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அந்தப் பொய்யில் உங்களுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. அது யார் என்பதையும் எழுதத்தான் போகிறேன்.

இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில், எங்கள் திருவண்ணாமலையில்.

நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச்சாரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், மனு டைப் அடிப்பது, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு நோட்டீஸ் எல்லாம் செய்வேன். திங்கட்கிழமை மனு நாளில் மட்டும் மூச்சுவிட நேரம் இருக்காது. வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா அடி அண்ணாமலையில் இருக்கிறாள். மாமாவுக்குக் கொஞ்சம் நிலம், வருஷா வருஷம் கடலை போடுவார். அக்கா பாதை ஓரத்தில் சின்னக் கடை போட்டிருக்கிறாள். கற்பூரம், அகல் விளக்கு, எலுமிச்சம்பழம், தண்ணீர் பாட்டில். பௌர்ணமி வந்தால்தான் அந்தக் கடைக்கு உயிர்.

அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு உலோகத்தில் வைத்தது. சென்னையில் ஆபரேஷன் செய்து பல வருஷம் ஆகிறது. வீடு அமைதியாக இருக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ரத்தத்தை இளக்குகிற மாத்திரை ஒன்றைத் தினமும் போட வேண்டும். மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையைக் கம்மி ஜாஸ்தி பண்ணுவார்கள். ரத்தம் கெட்டியானால் வால்வு அடைத்துக்கொள்ளும். ரொம்ப இளகிப்போனால் உடம்புக்குள் எங்கேயாவது கசிந்துகொண்டே இருக்கும். கம்பி மேல் நடக்கிற பிழைப்புதான். ஆனால் அக்கா அதில் இத்தனை வருஷம் ஒழுங்காக நடந்து வந்தாள்.

வைகாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பொடி.

"இன்னாக்கா இது?"

"மூட்டுவலிக்குடி. பச்சிலைப் பொடி. பௌர்ணமிக்கு பௌர்ணமி கொடை போட்டுக்கினு ஒக்காருவாரே, அவருகிட்ட வாங்கினேன். ஒரு மாசமா சாப்பிடறேன். இப்பப் பாரு, கடைக்கு நானே கோணி தூக்கறேன்."

"டாக்டரைக் கேட்டியா?"

"பச்சிலைக்கு எதுக்குடி டாக்டரு? கீரை சாப்பிடறதுக்கு எவனாவது சீட்டு வாங்குவானா?"

"இந்த மாத்திரை போடறதால உன்னை கீரையக்கூட கேட்டுக்கிட்டுத்தான் சாப்பிடச் சொல்லி இருக்காங்க. மறந்துட்டியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூட்டுவலியோடு நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து கற்பூரம் விற்றவளுக்கு, வலி குறைந்தது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. மாமாதான் நடுவில் புகுந்தார்.

"சண்டை போடாதீங்க. நீ கம்ப்யூட்டர் வச்சிருக்கற. ஒலகத்துல இருக்கறது எல்லாம் அதுல வருதுன்னு சொல்றாங்க. தேடிப் பாத்து நீயே சொல்லு. நீ சரின்னா சாப்பிடட்டும். வேணாம்னா தூக்கிப் போட்டுடலாம்."

அந்த நிமிஷம் அக்காவின் உயிரை என் கையில் கொடுத்தார். அவருக்கும் அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் கடையில் தேடினேன். மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி என்று தமிழில் அடித்தால் வந்தது எல்லாம் வீடியோ. ஒருத்தர் தாடி வைத்திருக்கிறார், ஒருத்தர் கழுத்தில் டாக்டர் குழாய் மாட்டியிருக்கிறார். எல்லோரும் ஒரே மாதிரி கத்துகிறார்கள். அடுத்து ஆங்கிலத்தில் அடித்தேன். நீளமாக ஒரு பக்கம் வந்தது. அதில் எல்லாமே இழுவை. இது உதவலாம், போதுமான ஆய்வு இல்லை, ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் பேச வேண்டும், இந்த மாதிரி. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒன்றையும் உறுதியாகச் சொல்லாத பக்கம் எனக்கு எதற்கு என்று மூடிவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியது நான்தான்.

மூன்றாவதாகக் கிடைத்தது நான் தேடியது. தமிழ்ப் பக்கம் ஒன்று. மேலே 'ஆராய்ச்சி முடிவுகள்' என்று கொட்டை எழுத்து. கீழே ஒரு வரைபடம். படிக்கட்டு மாதிரி ஒன்றை விட ஒன்று உயரமான நான்கு தூண்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று தூணுக்குக் கீழே பெயர். யாரோ போனில் எடுத்து, அது பல பேர் கை மாறி, மங்கிப்போன படம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: பக்க விளைவுகள் அறவே இல்லை.

அந்த வரியைப் பார்த்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆராய்ச்சியே பண்ணி இருக்காங்கக்கா. படம் எல்லாம் போட்டிருக்காங்க. நீ சாப்பிடு."

"நான்தான் சொன்னேன் இல்ல?" என்று சிரித்தாள். அந்தப் படத்தை மாமா போனுக்கும் அனுப்பி வைத்தேன்.

அடுத்த சில வாரங்களில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அவள் முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. கோணி பட்டுவிட்டது என்றாள். பிறகு தொடையில் ஒன்று. அது எங்கே பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. பல் விளக்கினால் எச்சிலில் ரத்தம். பிரஷ் புதுசு என்றாள். அந்த மாதம் ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. உடம்புதான் நன்றாக இருக்கிறதே, ஆடிக் கூட்டம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டாள். எனக்குள் ஏதோ ஒன்று குறுகுறுத்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு வரியை நினைத்து அதை அடக்கினேன்.

ஆடிப் பௌர்ணமி அன்று காலையில் மாமா போன் செய்தார். குரலே அவருடையதாக இல்லை.

"உங்கக்காவுக்கு மூக்குல ரத்தம். ஒரு மணி நேரமா நிக்கலை. ரெண்டு துண்டு நனைஞ்சி போச்சி. தலை வலிக்குதுன்னு வேற சொல்றா. ஆம்புலன்ஸுக்கு சொன்னா, கூட்டத்துல உள்ள வர முடியல, தடுப்புகிட்ட நிக்கறோம்ங்கறாங்க."

பௌர்ணமி அன்று எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மலை சுற்றும் பாதையில் வண்டி விட மாட்டார்கள். காலையிலேயே தலைகளாகத்தான் தெரியும். குபேர லிங்கம் பக்கத்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். அங்கே ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எல்லோரும் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வருகிறார்கள். நான் ஒருத்தி மட்டும் எதிரே போகிறேன். அப்படி நடப்பது பாவம் என்று இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

"ஏம்மா, எதிர்க்க வரியே, அறிவில்லை? இடப்பக்கமா சுத்தக் கூடாதுன்னு தெரியாதா?" என்று ஒரு பெரிய மீசைக்காரர் கையை நீட்டி வழி மறித்தார்.

"எங்கக்கா செத்துக்கினு இருக்கறா, வழி விடுய்யா!" என்று கத்தினேன். அந்த வார்த்தையை என் வாயால் சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே உறைத்தது. அதற்கு அப்புறம் ஓடினேனா நடந்தேனா என்று ஞாபகம் இல்லை.

அக்கா கடைக்குள் கோணி மேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானை முழுக்க ரத்தம். பழைய ரத்தம் கருத்து, புது ரத்தம் சிவந்து. மாமா அவள் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தார். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பல் எல்லாம் சிவப்பு.

பக்கத்தில் இளநீர் விற்கிறவர் தன் வண்டியில் இருந்த காய்களை எல்லாம் தரையில் உருட்டிவிட்டார். அந்தத் தள்ளுவண்டியில் அக்காவை உட்கார வைத்து, நான் பின்னால் அணைத்துக்கொண்டு ஏறினேன். மாமா தள்ளினார். கூட்டம் நகர்ந்தால்தானே? எறும்பு மாதிரி ஊர்ந்தோம். அப்போது முன்னால் ஒரு குரல், "வழி விடுங்க, ஒடம்பு முடியாதவங்க வராங்க, ஒதுங்குங்க!" பார்த்தால் அதே மீசைக்காரர். என் பின்னாலேயே திரும்பி வந்திருக்கிறார். இடப்பக்கமாக, எதிரே நடந்து. தடுப்பு வரைக்கும் வண்டிக்கு முன்னால் ஓடினார். அவர் பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

வழி முழுக்க என் காது அக்காவின் முதுகில் இருந்தது. அத்தனை சத்தத்தில் டிக் டிக் கேட்கவில்லை. கேட்காதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது, "புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்க" என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் மருந்து என்றால் மாத்திரை, ஊசி. பொடியும் கஷாயமும் அந்தக் கணக்கில் வராது. நானும் தலையை ஆட்டினேன். டாக்டர் விடவில்லை.

"பொடி, லேகியம், கஷாயம், எண்ணெய், யாராவது குடுத்தது, எதாவது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ரத்தம் தண்ணீராக இளகிப் போயிருந்தது. மூளையில் கசிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். அது வரும் வரைக்கும் அந்த வராண்டாவில் நான் நின்ற நிற்பு எதிரிக்கும் வேண்டாம். தலையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதோடும் முடியவில்லை. உறைய வைக்க ஊசி போட வேண்டும், ஆனால் ஜாஸ்தி உறைந்தால் வால்வு அடைத்துவிடும் என்றார் டாக்டர். "ரெண்டு பக்கமும் பள்ளம். மெல்லத்தான் போகணும்" என்றார். கையெழுத்து கேட்டார்கள். மாமாவுக்குக் கை வரவில்லை. நான் போட்டேன்.

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பொடியை எடுத்துக்கொண்டு சித்த மருத்துவப் பிரிவுக்குப் போய் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டு வரச் சொன்னார். அங்கே ஒரு பெண் டாக்டர். என்னை விட வயசு கம்மி. எனக்கு மேல் கோபக்காரி. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு இல்லை. இன்னா சேத்திருக்குன்னு இல்லை. லைசென்ஸ் நம்பர் இல்லை, தேதி இல்லை. மோந்து பாத்து சொல்றதுக்கு நான் இன்னா சாமியாராம்மா?"

"மூலிகைதாங்க."

"மூலிகைன்னா? எட்டிக்கொட்டையும் மூலிகைதான். அரைச்சிக் குடிப்பீங்களா? நாங்க அஞ்சு வருஷத்துக்கு மேல படிச்சிட்டு வந்து, அளவு பாத்து, ஆளைப் பாத்து குடுக்கறோம். இவனுங்க கொடைக்குக் கீழ ஒக்காந்து எங்க பேரைக் கெடுக்கறானுங்க. எதை நம்பி இதைக் குடுத்தீங்க?"

நான் வீறாப்பாகப் போனை எடுத்து அந்த ஆராய்ச்சிப் படத்தைக் காட்டினேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஓரத்துக்கு நகர்த்தினார்.

"இது இன்னா, சைடுல, படுத்த வாக்குல எழுதி இருக்குது?"

தலையைச் சாய்த்துப் படித்தேன். வரைபடத்தின் இடது ஓரத்தில், கீழிருந்து மேலாக, பொடி எழுத்தில்: ஏக்கருக்கு கிலோ.

"மூட்டுவலி எப்பலேர்ந்தும்மா ஏக்கர்ல வெளையுது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எழுத்து எனக்குத் தெரியும். அந்தத் தூண்களும் தெரியும். விவசாயம் படிக்கிற ஒரு மாணவி, கடலைக்கு நான்கு விதமான உரம் போட்டு விளைச்சல் பார்த்த புராஜெக்ட். அதை டைப் அடித்து பைண்டிங் செய்து கொடுத்தது என் கடை. அதற்கு ஒரு வருஷம் கழித்து நீங்கள் நோட்டீஸ் அடிக்க வந்தீர்கள் ஐயா. "ஆராய்ச்சி மாதிரி ஒரு படம் வச்சிக் குடும்மா" என்றீர்கள். புதிதாக வரைய யாருக்கு நேரம்? பழைய ஃபைலைத் திறந்தேன், வரைபடத்தை எடுத்து ஒட்டினேன். தூணுக்குக் கீழே இருந்த உரத்தின் பெயர்களை அழித்து வாரங்களைப் போட்டேன். ஓரத்தில் படுத்திருந்த எழுத்தை மாற்ற மறந்துவிட்டேன். நோட்டீஸ் என் கையை விட்டுப் போனதும் அதை நானும் மறந்துவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை நோட்டீஸ். அந்த நோட்டீஸை யாரோ படம் பிடித்து, யாரோ பரப்பி, யாரோ ஒரு பக்கத்தில் ஏற்றி, கடைசியில் அது ஆராய்ச்சியாகி என்னிடமே திரும்பி வந்தது. என் அக்கா உயிருக்கு ஆதாரம் தேடிப் போய், நான் வெட்டி ஒட்டின கடலை விளைச்சலைக் கண்டு நிம்மதி அடைந்திருக்கிறேன்.

டாக்டரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத முதல் நாள் அதுதான். அவர் தன் கம்ப்யூட்டரைத் திறந்து, எப்படித் தேட வேண்டும் என்று காட்டினார். யார் செய்த ஆய்வு? எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள்? பொடி சாப்பிடாத இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டார்களா? குணமாகாதவர்கள் எத்தனை பேர், அதை எழுதியிருக்கிறார்களா? மற்ற டாக்டர்கள் படித்துக் குறை சொல்லும்படி எங்கே வெளியிட்டார்கள்? பணம் போட்டவன் விற்கிறவனே தானா? "இதுக்கு எல்லாம் பதில் இருந்தா அப்புறம் நம்பறதா வேணாமான்னு பேசலாம். பக்க விளைவே இல்லைன்னு எழுதி இருந்தா அங்கயே மூடிடுங்க. ஒரு வேலை செய்யற பொருள் இன்னொரு வேலையும் செய்யும்" என்றார்.

அவர் திறந்து காட்டிய பக்கங்களில் ஒன்று எனக்குப் பழக்கமான பக்கம். ஆங்கிலத்தில் இழுத்து இழுத்துப் பேசியதே, நான் மூடினேனே, அதே பக்கம். ரத்தம் இளக்கும் மருந்து பற்றிய வரி அதே இடத்தில் இருந்தது. எனக்கு வேண்டிய பதில் அன்றைக்கே என் கண் முன்னால் இருந்திருக்கிறது. கத்தாமல் பேசியதால் நான் காது கொடுக்கவில்லை.

அந்தப் பொடியில் என்ன கலந்திருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாட்களை நான் அக்காவின் கட்டிலுக்குக் கீழே தரையில் கழித்தேன். ரத்தம் நின்றது. இனி கட்டிக்கொள்ளுமோ என்ற பயம் தொடங்கியது. பகலில் வார்டு சந்தைக்கடை. கொஞ்சம் சத்தம் ஓய்ந்தாலும் எழுந்து அவள் நெஞ்சில் காது வைப்பேன். டிக் டிக். இருக்கிறது. திரும்பப் படுப்பேன். திரும்ப எழுவேன். பக்கத்துக் கட்டில்காரம்மா, "இன்னாடி, கெடிகாரத்துக்கு சாவி குடுக்கறியா?" என்று கேட்டாள்.

அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்று எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், கடலை, ஏக்கர், எல்லாம். மாமா கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "கடலை போடறவன் நானே அதைப் பாத்துட்டு கண்டுபிடிக்கலையே. சரி, உங்கக்கா இந்த வருஷம் ஏக்கருக்கு எத்தனை மூட்டைன்னு கேட்டு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

அக்கா திட்டவில்லை. "அவரு சொன்னதுக்கா சாப்பிட்டேன்? நீ சரின்னியேன்னுதான்டி தொடர்ந்து சாப்பிட்டேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

அடுத்த பௌர்ணமிக்கு நேராக உங்கள் குடைக்கு வந்தேன். ஐயா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மைக்கில் முழங்கிக்கொண்டு இருந்தீர்கள். நான் நோட்டீஸை உங்கள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பக்க விளைவுகள் அறவே இல்லைன்னு போட்டிருக்கே, யாருக்குக் குடுத்துப் பாத்தீங்க? எங்கக்கா செத்துப் பொழைச்சா தெரியுமா?"

நீங்கள் முதலில் செய்தது மைக்கை அணைத்ததுதான்.

"கோவப்படாதம்மா. ஒக்காரு. மோரு குடிக்கிறியா?"

"மோரு வேணாம். பதில் சொல்லுங்க."

"நான் எழுதிக் குடுத்தது வேற, நீ அடிச்சிக் குடுத்தது வேற. அந்தச் செவப்பு வரி என்னுது இல்லைம்மா. நீயா போட்டது. பாக்க நல்லா இருந்துது, விட்டுட்டேன். சும்மா சொல்லக் கூடாது, உன் நோட்டீஸு வந்தப்புறந்தான் எனக்கு யாவாரமே."

"பொய் சொல்லாதீங்க!"

"உன் கடையில சீட்டு இருக்கும் இல்ல? போய்ப் பாரு."

இருந்தது. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளை, அவர் சரி என்று கையெழுத்துப் போட்ட ப்ரூஃபோடு சேர்த்துக் கம்பியில் குத்தி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எழுத்துப் பிழை என்று பிறகு சண்டைக்கு வருவார்கள், அதற்காக. தூசி தட்டி எடுத்தேன். உங்கள் கையெழுத்தில் இருந்தது இதுதான்: சாப்பிட்டவர் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை, சிலருக்கு வயிறு எரியும், மோர் குடித்தால் அடங்கும்.

நான் அதைத் தூக்கிவிட்டேன். ஏன் தெரியுமா? இடம் பத்தவில்லை. மருந்து நோட்டீஸ் எல்லாவற்றிலும் ஒரே வரிதான் வரும் என்பதால் 'பக்க விளைவுகள் அறவே இல்லை' என்பதை என் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்தேன். இரண்டு எழுத்து தட்டினால் முழு வரியும் வந்து விழும். சிவப்பு நிறத்தோடு. எத்தனை பேருடைய நோட்டீஸில் அதைப் போட்டேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கூட்டாளி யார் என்று முதலில் சொன்னேனே, அது நான்தான்.

அன்றைக்கே அந்த வரியைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். மருந்து நோட்டீஸ் என்று யார் வந்தாலும், லைசென்ஸைக் காட்டு, ஆய்வு என்று போட வேண்டுமானால் ஆய்வைக் காட்டு என்கிறேன். வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். அந்தப் படத்தை ஏற்றிய பக்கத்துக்கு, இது கடலை விளைச்சல், எடுத்துவிடுங்கள் என்று பல முறை எழுதினேன். பதில் இல்லை. போன வாரம் தேடினேன், அதே இடத்தில் இருக்கிறது. அக்கா இப்போது அந்தச் சித்த மருத்துவ டாக்டர் கொடுத்த எண்ணெயைத்தான் மூட்டுக்குத் தடவுகிறாள், அதையும் இதய டாக்டரிடம் காட்டிவிட்டு. ரத்தப் பரிசோதனைக்கு நானே கூட்டிப் போகிறேன். அவள் பிழைத்துவிட்டாள். என் பயம் போகவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் பொடி டப்பாவை வைத்துக்கொண்டு, போனில் தேடி, என் சிவப்பு வரியைக் கண்டு, ஒருத்தி இப்போது நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு இருக்கலாம். அவளுக்கு நான் எப்படிப் போன் செய்வேன்?

என் பங்கை ஊரறிய எழுதிவிட்டேன் ஐயா. வயிறு எரியும் என்று தெரிந்து எழுதினீர்கள். அந்த வரி காணாமல் போனதைப் பார்த்தும், சரி என்று கையெழுத்துப் போட்டீர்கள். இன்னும் அதே நோட்டீஸைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறீர்கள். வருகிற பௌர்ணமிக்கும் அதே குடையின் கீழ் உட்காருவீர்கள், நானும் வந்து எதிரே நிற்பேன். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது, யாருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள், யாருக்கு ஆகாது? மைக்கை அணைக்காமல், அத்தனை ஜனத்துக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.